ஒரு டேப்லெட், முப்பது பிள்ளைங்க: முத்துக்குளித்துறையில் ஒரு வகுப்பறைக் கணக்கு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம். ஒரு பீரியட் 40 நிமிஷம். வகுப்புல 30 பிள்ளைங்க. டேப்லெட் ஒண்ணே ஒண்ணு. சமமா பிரிச்சா ஒரு பிள்ளைக்கு 80 விநாடி. ஆப்பைத் திறந்து, நடுவுல வர்ற விளம்பரத்தை மூடுறதுக்குள்ள, பக்கத்துல இருக்கிறவன் "ஏல, குடுல, என் முறை"ன்னு கையை நீட்டிருவான்.

"வகுப்பறையில டெக்னாலஜி"ன்னு சொன்னதும் நம்மில் பலருக்கு ஆளுக்கொரு ஐபேட் வச்சிருக்கிற ஒரு தனியார் பள்ளி விளம்பரம்தான் ஞாபகம் வரும். அந்த மாதிரி பள்ளிக்கு யோசனை சொல்ல ஆயிரம் யூடியூப் வீடியோ இருக்கு. ஒரே ஒரு டேப்லெட் இருக்கிற வகுப்புக்கு என்ன செய்யலாம்? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

நான் தூத்துக்குடிக்காரன். என் மதினி, அதாவது அண்ணன் சம்சாரம், திருச்செந்தூர் பக்கம் ஒரு கடற்கரை ஊர்ல ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி டீச்சர். ஊர் பேரும் பள்ளி பேரும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. இந்த எபிசோடுல வர்ற வகுப்பறை விஷயமெல்லாம் அவங்க சொன்னதும், நான் அங்க போய்ப் பார்த்ததும்.

டேப்லெட் யார் கையில?

முதல்ல, கருவிகள் எப்படி வந்ததுன்னு ஒரு வேகமான பார்வை. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. அது மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு. 2018-ல் 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடப்புத்தகம் வந்தபோது, பாடத்தோட ஓரத்துல கியூஆர் கோடு வந்தது. போன்ல திக்‌ஷா ஆப் வச்சு ஸ்கேன் பண்ணினா வீடியோ திறக்கும். 2019-ல் கல்வி டிவி. அப்புறம் கொரோனா.

பள்ளி திரும்பத் திறந்தபோது, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமலே மூணாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் நிறைய. அவங்களுக்காக 2022 ஜூனில் "எண்ணும் எழுத்தும்" திட்டம் தொடங்கியது. முதலில் 1 முதல் 3 வகுப்பு வரை, அடுத்த வருஷம் 4, 5 வகுப்புகளுக்கும். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலையாப் பிரிச்சுப் பாடம் நடத்துறாங்க. யார் எந்த நிலையில இருக்காங்கன்னு மதிப்பீடு செய்து ஆப்ல பதிவு பண்ணணும். 2024-ல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஏறக்குறைய 80 ஆயிரம் பேருக்கு டேப்லெட் கொடுக்கும் திட்டம் வந்தது. அரசு மொழியில் "கைக்கணினி".

கவனிங்க. டேப்லெட் வந்தது டீச்சருக்கு. பிள்ளைகளுக்கு இல்லை. இதைக் குறைன்னு நினைக்கிறவங்க உண்டு. இந்தக் கடற்கரையோட வரலாறு தெரிஞ்சவங்களுக்கு இது புது நிலைமையே இல்லை.

ஊருக்கு ஒரு புத்தகம்

வேம்பாரில் இருந்து தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு வழியா தெற்கே போற கரைக்கு முத்துக்குளித்துறைன்னு பேர். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. போர்ச்சுகீசியம் தெரிஞ்ச உள்ளூர்க்காரங்களை வச்சு ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் பண்ணினார். கையில மணியை வச்சுக்கிட்டு தெருவுல அடிச்சுப் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைங்க சத்தமா திருப்பிச் சொல்லும். வீட்டுக்குப் போய் பெத்தவங்களுக்கும் சொல்லிக் கொடுக்கும்.

36 வருஷம் கழிச்சு, 1578-ல், அண்டிரிக் அடிகளார் என்கிற ஹென்றிக்ஸ் பாதிரியார் "தம்பிரான் வணக்கம்" என்ற 16 பக்கப் புத்தகத்தைக் கொல்லத்தில் அச்சிட்டார். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது. அச்சு வேலைக்குப் பணம் கொடுத்ததில் இந்தக் கரையின் பரதவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்போ இதைவிடப் புதிய தொழில்நுட்பம் எதுவும் கிடையாது.

ஆனா வீட்டுக்கு ஒரு புத்தகம் யார்கிட்ட இருந்திருக்கும்? ஊர்ல இருந்த கணக்கப்பிள்ளை, அதாவது படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர், வாசிப்பார். மத்தவங்க கேட்டுத் திருப்பிச் சொல்வாங்க. ஒரு கருவி, ஒரு கூட்டம். கருவியைச் சுத்தி இருந்த பழக்கம்தான் அதை வேலை செய்ய வச்சது. நான் மதத்தைப் பத்திப் பேசலை, வகுப்பு நடத்துற முறையைப் பத்திப் பேசுறேன்.

ஆளுக்கொண்ணு கொடுத்தா சரியாயிடுமா?

"அப்போ எல்லாருக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டா போச்சு"ன்னு நீங்க கேக்கலாம். அதை ஒரு நாடே செய்து பார்த்திருக்கு. பெரு. "ஒரு பிள்ளைக்கு ஒரு லேப்டாப்" திட்டத்துல லட்சக்கணக்கான லேப்டாப்களைக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பினாங்க. அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கியின் ஆய்வு 2012-ல் வெளியானது. கணக்குத் தேர்விலும் மொழித் தேர்விலும் அதனால முன்னேற்றம் எதுவும் இல்லைன்னு சொன்னது. 2015-ல் ஓஇசிடி அமைப்பின் அறிக்கையும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. பள்ளிக் கணினிக்கு அதிகம் செலவழிச்ச நாடுகள்ல வாசிப்பு, கணக்கு, அறிவியல் மதிப்பெண்கள் குறிப்பிடும்படி உயரலை.

எதிர்ப்பக்கமும் ஒரு ஆய்வு இருக்கு, அதுவும் நம்ம நாட்டுல. டெல்லியில் 6 முதல் 9-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிஞ்ச பிறகு மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளோட நடந்த வகுப்புகளைக் கார்த்திக் முரளிதரன் குழுவினர் ஆராய்ந்தாங்க. கட்டுரை 2019-ல் வெளியானது. நாலரை மாசத்துல கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். காரணம் என்ன? ஆறாம் வகுப்புல உட்கார்ந்திருந்த பிள்ளைங்க கணக்குல சராசரியா இரண்டரை வகுப்பு பின்னாடி இருந்தாங்க. அந்த மென்பொருள் ஒவ்வொருத்தரும் எங்க நிக்கிறாங்கன்னு கண்டுபிடிச்சு, அங்கிருந்து தொடங்குச்சு. பாதி நேரம் திரை, மீதி நேரம் சின்னக் குழுவா உட்கார்ந்து ஒரு ஆள் சொல்லிக் கொடுத்தார்.

தமிழ்நாட்டுக் கதையும் இதோட ஒத்துப்போகுது. கொரோனாவுக்குப் பிறகு கிராமப்புறத் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு ஒண்ணு, பள்ளி திறந்த ஆறு மாசத்துக்குள்ள இழப்பில் ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு மீண்டுடுச்சுன்னு சொன்னது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு "இல்லம் தேடிக் கல்வி"யால் வந்தது. சாயங்காலம் தெருவிலயும் திண்ணையிலயும் தன்னார்வலர்கள் நடத்தின வகுப்பு அது.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது ஒண்ணுதான். ஒரு பிள்ளை எங்க தடுக்கி நிக்குதுன்னு டீச்சருக்குச் சீக்கிரம் தெரியணும். அதுக்கு உதவுற கருவி நல்ல கருவி. அதுக்கு உதவாத கருவி எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் நேரம்தான் போகும். இந்த அளவுகோலை வச்சு, ஒரே டேப்லெட்டால் செய்யக்கூடிய மூணு வேலையைப் பார்ப்போம்.

வேலை 1: எல்லார்கிட்டயும் ஒரே நேரத்தில் கேட்பது

வகுப்புல கேள்வி கேட்டா யார் கை தூக்குவாங்க? எப்பவும் அதே நாலு பேர். மீதிப் பேருக்குப் புரிஞ்சதா இல்லையான்னு பரீட்சைத் தாள் வர்ற வரைக்கும் தெரியாது.

ப்ளிக்கர்ஸ்னு ஒரு ஆப் இருக்கு. பிள்ளைங்க கையில வெறும் காகித அட்டை. ஒவ்வொரு அட்டையிலும் கறுப்பு வெள்ளையில் ஒரு வடிவம், பார்க்க கியூஆர் கோடு மாதிரி. அட்டையின் நாலு பக்கத்துக்கும் ஏ, பி, சி, டி. எந்த விடை சரின்னு நினைக்கிறாங்களோ அந்தப் பக்கத்தை மேல வச்சுப் பிடிக்கணும். டீச்சர் டேப்லெட் கேமராவை இடமிருந்து வலமா ஒரு முறை ஓட்டினா போதும், யார் என்ன விடை சொன்னாங்கன்னு திரையில வந்துடும். ஒவ்வொருத்தர் அட்டையும் வேற வேற வடிவம். அதனால பக்கத்துல பார்த்துக் காப்பியடிக்க முடியாது. தப்பாச் சொன்ன பிள்ளையை யாரும் சிரிக்கவும் முடியாது.

மதினி கேட்ட ஒரு கேள்வி: "மீன் வித்த காசுல மூணுல ஒரு பங்கு கிடைச்சா அதிகமா, நாலுல ஒரு பங்கு கிடைச்சா அதிகமா?" வகுப்புல பாதிக்கு மேல நாலுல ஒரு பங்குன்னு காட்டிச்சு. நாலு, மூணை விடப் பெருசு இல்லையா! படகுல பங்கு பிரிக்கிறதை வீட்டுல தினமும் கேக்குற பிள்ளைங்க இவங்க.

அப்போ மதினி சரியான விடையைச் சொல்லலை. "பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட ரெண்டு நிமிஷம் பேசுங்க"ன்னு விட்டாங்க. ஒரே இரைச்சல். ஒரு பொண்ணு தரையில ரெண்டு வட்டம் போட்டுக் கூறு பிரிச்சுக் காட்டினா. ரெண்டாவது தடவை ஸ்கேன் பண்ணினப்போ பெரும்பாலான அட்டை மாறிடுச்சு. மாறாத நாலைஞ்சு பேர் யாருன்னு இப்போ மதினிக்குப் பேரோட தெரியும். சாயங்காலம் அவங்களோட மட்டும் உட்கார்ந்தா போதும்.

இந்த முறை ஹார்வர்டு வரைக்கும் தெரிஞ்ச முறை. எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990-களில் இதைப் பரவலாக்கினார். முதல்ல தனியா விடை, அப்புறம் பக்கத்துல இருக்கிறவரோட விவாதம், மறுபடி விடை. அங்க மாணவர்கள் கையில மின்னணுக் கருவி வந்தது. இங்க அட்டை.

வேலை 2: கடலை வகுப்புக்குள்ள கொண்டுவருவது

ஹைதராபாத்தில் இன்காய்ஸ்னு ஒரு மத்திய அரசு நிறுவனம் இருக்கு. இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம். 1999-ல் தொடங்கியது. அலை உயரம், காற்று, நீரோட்டம் எல்லாம் அவங்க இணையதளத்துல வரும். செயற்கைக்கோள் மூலம் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்த்து, எங்க மீன் இருக்க வாய்ப்புன்னும் சொல்றாங்க. கரையில உள்ள ஒவ்வொரு இறங்குதளத்துக்கும் தனித்தனியா திசை, பாகை, தூரம், ஆழம்னு அட்டவணை வரும்.

மதினி பள்ளியில ஏழாம் வகுப்புக் கணக்கு சார் டேப்லெட்டைக் கடன் வாங்கிட்டுப் போவார். டேப்லெட்ல இருந்து அவர் எடுக்கிறது மூணே மூணு எண். உதாரணத்துக்கு: தென்கிழக்கு, 135 பாகை, 25 கிலோமீட்டர். பிள்ளைங்க வராந்தா தரையில சாக்பீஸால கரையை வரைவாங்க. ஒரு அடிக்கு 5 கிலோமீட்டர். வடக்கைப் பூஜ்யமா வச்சு, பாகைமானியைத் திருப்பி, அஞ்சு அடி அளந்து ஒரு புளியங்கொட்டையை வைக்கணும். பாகை, அளவுத்திட்டம், விகிதம் எல்லாம் அதுலயே வந்துடுது. 30 பேரும் தரையில வேலை பார்க்கிறாங்க, டேப்லெட் சார் மேஜையில தேமேன்னு கிடக்கு.

இன்னொரு நாள் கப்பல் வரைபடம். 300 டன் கொள்ளளவுக்கு மேல இருக்கிற, வெளிநாடு போற கப்பல்கள் எல்லாம் ஏஐஎஸ் என்ற கருவியால தன் பேரு, வேகம், போற திசையை ரேடியோவுல சொல்லிக்கிட்டே போகணும். 2004-ல் இருந்து அது சர்வதேச விதி. அந்தத் தகவலை இலவசமா வரைபடத்துல காட்டுற தளங்கள் இருக்கு. வ.உ.சி. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிக்கிற கப்பல் எந்த நாட்டுக் கொடின்னு பிள்ளைங்க படிப்பாங்க. 12 நாட் வேகம்னா, ஒரு நாட் 1.852 கிலோமீட்டர், அப்போ மணிக்கு 22 கிலோமீட்டர் சொச்சம்.

அந்த வகுப்புல ஒரு பையன் கேட்டானாம்: "சார், எங்கப்பா வள்ளம் எங்க?"

திரையில இல்லை. பெரும்பாலான வள்ளங்கள்ல அந்தக் கருவி கிடையாது. கப்பலை வள்ளத்துக்குத் தெரியும், வரைபடத்துல வள்ளத்தை யாருக்கும் தெரியாது. சார் அன்னைக்குக் கணக்கை நிறுத்திட்டு இதைப் பத்தித்தான் பேசினார். ராத்திரியில கப்பல் பாதையில விளக்கில்லாம போனா என்ன ஆபத்து, விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் டிரான்ஸ்பாண்டர் ஏன் பொருத்துறாங்க, 2024-ல் தொடங்கின மத்திய அரசுத் திட்டம் ஏன் ஒரு லட்சம் படகுகளைக் குறி வச்சது. இணையத்துல இருக்கிறது முழு உலகம் இல்லை, கருவி வச்சிருக்கிறவங்களோட உலகம்னு அந்தப் பிள்ளைங்க 12 வயசுல கத்துக்கிட்டாங்க. எந்தப் பாடப்புத்தகத்துலயும் இல்லாத டிஜிட்டல் கல்வி அது.

வேலை 3: பிள்ளைங்க ஊர்ப் பேச்சைப் பாடமாக்குறது

பிரதம் புக்ஸ் நிறுவனத்தோட ஸ்டோரிவீவர் தளம் 2015-ல் வந்தது. தமிழ்லயும் நிறைய படக்கதைகள் இருக்கு. பதிவிறக்கலாம், அச்சடிக்கலாம், நம்மளே கதை எழுதவும் மொழிபெயர்க்கவும் செய்யலாம். காசு கிடையாது. வாசிக்கத் தடுமாறுற பிள்ளைக்கு நிலை வாரியா கதை பிரிச்சு வச்சிருக்கிறது பெரிய உதவி.

ஆனா மதினிக்குப் பிடிச்ச ஆப் எதுன்னு கேட்டேன். "வாய்ஸ் ரெக்கார்டர்தான் தம்பி"ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "சிரிக்காதீங்க. வந்து கேளுங்க."

பிள்ளைங்க வீட்டுல தாத்தாகிட்ட காத்துப் பேரெல்லாம் கேட்டுட்டு வரணும். வடக்க இருந்து வந்தா வாடை. கிழக்க இருந்து கொண்டல். மேற்க இருந்து கச்சான். தெற்க இருந்து சோழகம். நீரோட்டத்துக்கு நீவாடு. பாடப்புத்தகத்துல இருக்கிற "தென்மேற்குப் பருவக்காற்று" அதுக்கப்புறம்தான் அவங்களுக்குப் புரிஞ்சது. தாத்தா பேசினதை டேப்லெட்ல பதிவு பண்ணி, வகுப்புல போட்டுக் கேட்டு, பிள்ளைங்க எழுத்துல எழுதினாங்க. சொல்வதெழுதுதல்தான், ஆனா சொன்னது தாத்தா.

இதுல அவசரமும் இருக்கு. தூத்துக்குடிக் கடல்ல கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அப்போ 20 வயசுல குதிச்சவருக்கு இப்போ 80-ஐத் தாண்டியிருக்கும். மூச்சை எப்படி அடக்கினாங்க, கல்லைக் கட்டிட்டு எப்படி இறங்கினாங்க, முத்துச்சிப்பி விளையுற பார்களை எப்படி அடையாளம் வச்சாங்கன்னு வாயால சொல்லக்கூடியவங்க இன்னும் சில பேர்தான். அவங்க பேரப்பிள்ளைகளோ, அதுக்கடுத்த தலைமுறையோதான் இப்போ வகுப்புல உட்கார்ந்திருக்கு. பத்து வருஷம் கழிச்சு இந்த வீட்டுப்பாடத்தைக் கொடுக்க முடியாது.

டேப்லெட் எப்போ தொந்தரவாகுது?

மூணு இடத்துல. ஒண்ணு, டேப்லெட் கணக்குப் பேரேடா மாறும்போது. பதிவேற்ற வேலையைக் குறைக்கணும்னு ஆசிரியர் சங்கங்கள் பல முறை போராடியிருக்காங்க. பிள்ளை தப்பு பண்ணுதுன்னு தெரியுறதுக்கும், அந்தத் தப்பை ஒரு கட்டத்துல நிரப்பி மேல அனுப்புறதுக்கும் வித்தியாசம் இருக்கு. டீச்சர் குனிஞ்சு திரையைத் தட்டிக்கிட்டிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் பிள்ளை முகத்தைப் பார்க்காத நிமிஷம்.

ரெண்டாவது, நெட். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை மறக்க முடியாது. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர். பல ஊர்ல நாள்கணக்கா கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. அதுக்கப்புறம் மதினிக்கு ஒரு விதி: நெட் இல்லாம நடக்காத பாடத்தை நம்பிக் காலையில கிளம்பக் கூடாது. ப்ளிக்கர்ஸுக்கு நெட் வேணும். அது இல்லாத நாளுக்கு நாலு கலர் அட்டை பையில இருக்கு. அலை அட்டவணையை முதல் நாளே ஸ்கிரீன்ஷாட் எடுத்துருவாங்க. கதைகள் பிடிஎஃப்பா இறங்கி இருக்கும்.

மூணாவது, பிள்ளைங்களோட அந்தரங்கம். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க தகவலைக் கையாள பெத்தவங்க சம்மதம் வேணும். மதினி ப்ளிக்கர்ஸ்ல பேர் போடுறதில்லை, வரிசை எண் மட்டும்தான். எந்த எண் யாருன்னு அவங்க நோட்டுல இருக்கு. வகுப்பு போட்டோவை ஸ்டேட்டஸ்ல வைக்கிற வழக்கமும் கிடையாது.

நீங்க என்ன செய்யலாம்?

இதைக் கேட்டுக்கிட்டிருக்கிறவங்க பல பேர் சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலையில இருப்பீங்க. ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்யணும்னு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சு, பத்து டேப்லெட் வாங்கி, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்துட்டு வந்திருப்பீங்க. நல்ல மனசுதான். ஆனா அடுத்த தடவை ஊருக்குப் போனா, பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "இருக்கிற ஒண்ணை வச்சு உங்களால செய்ய முடியாம இருக்கிறது எது?"

பதில் பெரும்பாலும் சின்னதா இருக்கும். உப்புக்காத்துல அட்டை நமுத்துப் போகுது, 40 அட்டையை லேமினேட் பண்ணித் தாங்க. மாசம் ரீசார்ஜ். வேலை செய்யாத சார்ஜர். இருநூறு கதையை இறக்கி வச்ச ஒரு பென்டிரைவ். ஒரு நல்ல மைக். இல்லைன்னா, உங்க தாத்தாவைக் கூட்டிட்டு வந்து வகுப்புல ஒரு மணி நேரம் உட்கார வைங்க. அவர் பேசட்டும், பிள்ளைங்க பதிவு பண்ணட்டும்.

சரி மக்களே, இந்த எபிசோடு இவ்வளவுதான். உங்க வீட்டுல டீச்சர் யாராவது இருந்தா அவங்களுக்கு அனுப்பி வைங்க. சாயங்காலமா அனுப்புங்க, பகல்ல அவங்க வகுப்புல இருப்பாங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.